ஊரக மாவட்டங்களில் சுற்றுப்புறச் சுகாதாரப் பணிகள்

நோய் வந்தபின் மருந்து கொடுப்பது ஒரு பணி; நோய் வராதவாறு நீரையும் நிலத்தையும் காற்றையும் காப்பது மற்றொரு பணி. முன்னதற்கு மருத்துவமனையும் மருத்துவரும் வேண்டும். பின்னதற்குக் கிணறு, குழாய், கழிப்பறை, வடிகால், அடுப்பு ஆகியவற்றின்மீது இடையறாத கண்காணிப்பு வேண்டும். பின்னதையே சுற்றுப்புறச் சுகாதாரப் பணி என்கிறோம். நம் நாட்டின் ஊரக மாவட்டங்களில் இப்பணி எவ்வாறு வளர்ந்தது, அதன் கூறுகள் யாவை, எங்கே அது வெற்றி கண்டது, எங்கே இன்னும் தளர்ந்து நிற்கிறது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

பணியின் தோற்றமும் பொறுப்பும்

1943இல் அமைக்கப்பட்ட போர் குழு 1946இல் தன் அறிக்கையை அளித்தது. நோய் தீர்த்தலும் நோய்த்தடுப்பும் ஒரே நிலையத்திலிருந்து நடைபெற வேண்டும் என்பது அதன் அடிப்படைக் கருத்து. அக்குழு பரிந்துரைத்த ஆரம்ப சுகாதார நிலையத்தின் பணியாளர் பட்டியலில் மருத்துவர், செவிலியர் ஆகியோருடன் சுகாதார ஆய்வாளர்களும் இடம்பெற்றிருந்தனர். 1952 அக்டோபர் 2ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பட்டபோது ஆரம்ப சுகாதார நிலையங்கள் அதன் ஒரு பகுதியாக உருவாயின. 1950களில் மேற்கு வங்கத்தின் சிங்கூர், தில்லியை அடுத்த நஜாஃப்கர், சென்னையை அடுத்த பூவிருந்தவல்லி ஆகிய இடங்களில் நடந்த ஆய்வுகளின் பயனாக, சிறிதளவு நீரூற்றினாலே தூய்மையாகும் நீரடைப்புக் கழிப்பறை ஊரகத்திற்கு ஏற்றவாறு வடிவமைக்கப்பட்டது.

1973இல் கர்த்தார் சிங் குழுவின் பரிந்துரைப்படி, மலேரியாக் கண்காணிப்பாளர், அம்மை குத்துவோர் முதலிய தனித்தனிப் பணியாளர்கள் ஒன்றிணைக்கப்பட்டுப் பல்நோக்குச் சுகாதாரப் பணியாளர் என்னும் நிலை தோன்றியது. 1978இல் அல்மா-ஆட்டா மாநாடு, பாதுகாப்பான நீரையும் அடிப்படைத் துப்புரவையும் ஆரம்ப சுகாதாரப் பணியின் உறுப்புகளாக அறிவித்தது. 1992இல் நிறைவேறி 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்த 73ஆம் அரசியலமைப்புத் திருத்தம், ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 29 பொருள்களைப் பதினோராம் அட்டவணையில் தொகுத்தது. குடிநீர், சுகாதாரமும் துப்புரவும் ஆகியவை அவற்றுள் அடங்கும்.

ஆகவே ஒரு சிற்றூரின் குடிநீருக்கு இன்று பொறுப்பாளர் பலர். குழாய் அமைப்பது பொறியியல் துறை. அதனை நடத்துவது ஊராட்சி. நீரால் நோய் பரவினால் விரைந்து வருவது சுகாதாரத் துறை. ஆலைக்கழிவு ஆற்றில் கலந்தால் நடவடிக்கை எடுப்பது 1974ஆம் ஆண்டின் நீர்ச் சட்டத்தின்கீழ் அமைந்த மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். பலர் பொறுப்பேற்கும் பணியில் எவரும் முழுப் பொறுப்பேற்காமல் போகும் இடர் உண்டு. நிருவாகம் பயில்வோர் இதனை முதலில் மனத்திற்கொள்ள வேண்டும்.

மருந்தின்றி ஒழிந்த நோய்

சுற்றுப்புறச் சுகாதாரப் பணியின் ஆற்றலை விளக்க நரம்புச் சிலந்தி நோயினும் சிறந்த சான்று இல்லை. இந்நோய்க்குத் தடுப்பூசி கிடையாது. இதனைக் குணப்படுத்தும் மருந்தும் கிடையாது. எனினும் இந்தியாவிலிருந்து இது முற்றிலும் ஒழிக்கப்பட்டது.

நோய் பரவும் வழி எளியது. நீரில் வாழும் மிகச் சிறிய நீர்ப்பூச்சியின் உடலில் இப்புழுவின் இளவுயிர் தங்கியிருக்கும். அந்நீரை வடிகட்டாமல் குடிப்பவரின் உடலில் அது வளர்ந்து, ஏறத்தாழ ஓராண்டு கழிந்தபின், பெரும்பாலும் காலில் கொப்புளமாகி வெளிப்படும். ஒரு மீட்டர் வரை நீளக்கூடிய அப்புழுவை நாள்தோறும் சிறிது சிறிதாகவே வெளியிழுக்க இயலும். எரிச்சல் தணிய நோயாளி படிக்கிணற்றில் இறங்கிக் காலை நனைத்தால், புழு ஆயிரக்கணக்கான இளவுயிர்களை அந்நீரில் விடும். சுழற்சி மீண்டும் தொடங்கும். நோயாளிகள் வாரக்கணக்கில் நடக்க இயலாமல் முடங்குவதால் விதைப்பும் அறுவடையும் பள்ளிக் கல்வியும் பாழாயின.

1983-84இல் தேசிய ஒழிப்புத் திட்டம் தொடங்கியபோது, ஏழு மாநிலங்களில் ஏறத்தாழ 40,000 நோயாளிகள் கண்டறியப்பட்டனர். தில்லியிலிருந்த தேசியத் தொற்றுநோய் நிறுவனம் இத்திட்டத்தை ஒருங்கிணைத்தது. மேற்கொண்ட வழிகள் நான்கு. ஆண்டில் பலமுறை வீடுவீடாகச் சென்று நோயாளிகளைத் தேடுதல் முதலாவது. மக்கள் இறங்கி நீரெடுக்கும் படிக்கிணறுகளைக் கயிறு கட்டி இறைக்கும் கிணறுகளாக மாற்றுதலும் கைப்பம்பு அமைத்தலும் இரண்டாவது. குடிநீரை நெருக்கமான துணியால் வடிகட்டப் பழக்குதல் மூன்றாவது. நீர்ப்பூச்சியைக் கொல்லும் டெமிஃபாஸ் மருந்தை உரிய அளவில் நீரில் இடுதல் நான்காவது.

நாட்டின் இறுதி நோயாளி 1996 ஜூலையில் ராஜஸ்தானின் ஜோத்பூர் மாவட்டத்தில் கண்டறியப்பட்டார். அதன் பின்னரும் தேடுதல் நிறுத்தப்படவில்லை. 2000 பிப்ரவரியில் உலக சுகாதார நிறுவனம் இந்தியா இந்நோயினின்று விடுபட்டதெனச் சான்றளித்தது.

இவ்வெற்றியில் நாம் கற்க வேண்டியது யாது? கிணற்றைக் கட்டியதோடு பணி முடிந்ததாக எவரும் கருதவில்லை. எத்தனைக் கிணறுகள் மாற்றப்பட்டன என்பது கணக்கில் எழுதப்பட்டதெனினும், வெற்றியை அளந்த அளவுகோல் அதுவன்று. நோயாளிகளின் எண்ணிக்கையே அளவுகோல். கட்டுமானத்தை எண்ணுவதற்கும் பயனை எண்ணுவதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

ஒரு தீங்கை நீக்கி மற்றொன்றை வரவேற்றல்

நோய்க்கிருமி நீங்கிய நீர் எல்லாவகையிலும் நல்ல நீர் என்று சொல்ல முடியாது. குளம் குட்டைகளின் நீரால் வயிற்றுப்போக்கும் காலராவும் பரவியமையால், கங்கைச் சமவெளியில் குழாய்க்கிணறுகள் பெருமளவில் தோண்டப்பட்டன. கிருமித் தொல்லை குறைந்தது. ஆனால் 1983இல் மேற்கு வங்கத்தில் தோல் நோயாளிகளைச் சோதித்தபோது, அவர்கள் குடித்த நிலத்தடி நீரில் ஆர்செனிக் நஞ்சு இருப்பது புலனாயிற்று. நிறமும் மணமும் சுவையும் மாறாத இந்நஞ்சை ஆய்வுக்கூடச் சோதனையின்றி அறிய இயலாது. பலவாண்டுகள் குடித்தபின்னரே உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடிப்புகள் தோன்றும்; புற்றுநோயும் வரக்கூடும்.

ஃபுளோரைடு மற்றோர் எடுத்துக்காட்டு. இன்றைய தெலங்கானாவைச் சேர்ந்த நல்கொண்டா மாவட்டத்தில் பாறைகளிலிருந்து நிலத்தடி நீரில் கரையும் ஃபுளோரைடு, குழந்தைகளின் பற்களில் கறையாகவும் பெரியோரின் எலும்புகளில் விறைப்பாகவும் வெளிப்பட்டது. முதுகெலும்பு வளைந்து நிமிர இயலாதவர்களை அங்குள்ள பல ஊர்களில் காண முடிந்தது. இந்தியத் தர நிர்ணய அமைப்பு ஒரு லிட்டர் நீரில் ஃபுளோரைடு 1.0 மில்லிகிராமுக்கு மேற்படாதிருத்தல் நன்று என்றும், வேறு நீராதாரம் இல்லாதவிடத்து 1.5 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்றும் வரையறுத்துள்ளது. ஆர்செனிக்குக்கு அவ்வரம்பு 0.01 மில்லிகிராம்; நைட்ரேட்டுக்கு 45 மில்லிகிராம்.

நாக்பூரிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் கண்ட முறை ஒன்று இம்மாவட்டத்தின் பெயராலேயே நல்கொண்டா முறை எனப்படுகிறது. நீரில் சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் சேர்த்து, பின்னர்ப் படிகாரக் கரைசலை ஊற்றிக் கலக்கித் தெளியவிட்டால், ஃபுளோரைடின் பெரும்பகுதி கசடோடு அடியில் தங்கும். தெளிந்த நீரை மேலிருந்து எடுத்துக்கொள்ளலாம். செலவு குறைந்த முறைதான். ஆயினும் நீருக்கு நீர் படிகாரத்தின் அளவு மாறும். நாள்தோறும் எவரேனும் அளந்து இட வேண்டும். கசடை அப்புறப்படுத்த இடம் வேண்டும். இவற்றைச் செய்வோர் இல்லாத ஊர்களில் இம்முறை நிலைக்கவில்லை. தொலைவிலுள்ள ஆற்றுநீரைத் தூய்மைசெய்து குழாய்வழிக் கொணர்வதே நிலையான தீர்வு என்ற முடிவுக்குப் பின்னர் வந்தனர். 2016இல் தெலங்கானாவில் தொடங்கிய மிஷன் பகீரதா திட்டம் அவ்வகையினது.

சிறந்த நுட்பமாயினும் அதனை நாள்தோறும் இயக்குபவர் யார் என்ற வினாவுக்கு விடையில்லையேல் அது பயன் தராது என்பதை நல்கொண்டா நமக்கு உணர்த்துகிறது.

குழாய் வந்தபின் எழும் வினாக்கள்

2019 ஆகஸ்டு 15இல் ஜல் ஜீவன் இயக்கம் அறிவிக்கப்பட்டபோது, குழாய் இணைப்புப் பெற்றிருந்த ஊரகக் குடும்பங்கள் 3.23 கோடி, அதாவது ஏறத்தாழ 17 விழுக்காடு. 2025ஆம் ஆண்டில் இவ்வெண்ணிக்கை 15 கோடியைத் தாண்டியது. தலைவீதம் நாளொன்றுக்கு 55 லிட்டர் நீர், உரிய தரத்தில், ஒழுங்காக வழங்குவது இதன் குறிக்கோள். குடம் சுமந்து நெடுந்தொலைவு நடந்த பெண்களின் உழைப்பு இதனால் மிச்சமாவதை எவரும் மறுக்க முடியாது.

எனினும் இணைப்பு வேறு, பணி வேறு. ஊரகங்களில் நீர் பெரும்பாலும் நாளில் சில மணி நேரமே விடப்படுகிறது. நீர் ஓடாத வேளையில் குழாயினுள் அழுத்தம் குறையும். அப்பொழுது இணைப்புகளிலுள்ள விரிசல் வழியே அருகிலுள்ள சாக்கடை நீர் உள்ளே உறிஞ்சப்படும். மறுநாள் திறந்தவுடன் முதலில் வருவது அந்நீரே. மேல்நிலைத் தொட்டியில் முறையாகக் குளோரின் கலந்திருந்தும் கடைக்கோடித் தெருவில் வயிற்றுப்போக்கு வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆகவே சோதனைக்கான நீரைத் தொட்டியடியில் மட்டும் எடுத்தல் போதாது. கடைசி வீட்டுக் குழாயிலும் எடுக்க வேண்டும். அங்கு ஒரு லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் இருத்தல் வேண்டும்.

ஒவ்வோர் ஊரிலும் ஐந்து பெண்களுக்கேனும் களச்சோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி அளிப்பது இவ்வியக்கத்தின் பாராட்டத்தக்க கூறு. அவர்கள் கண்ட குறையை ஊராட்சியும் பொறியாளரும் எத்தனை நாளில் தீர்க்கின்றனர் என்பதைப் பொறுத்தே அதன் பயன் அமையும்.

கிணற்று நீரைத் தூய்மைசெய்தல்: ஒரு செயல்முறை

குழாய் வந்த ஊர்களிலும் கோடையிலும் வெள்ளத்திலும் மக்கள் கிணற்றையே நாடுவர். எனவே கிணற்றுக்குக் குளோரின் இடும் முறையை மாணவரும் அலுவலரும் அறிந்திருத்தல் நன்று.

முதலில் நீரின் கொள்ளளவைக் கணக்கிட வேண்டும். கிணற்றின் விட்டத்தை மீட்டரில் அளந்து, அதன் இருமடியை 3.14ஆல் பெருக்கி, 4ஆல் வகுத்து, நீரின் ஆழத்தால் பெருக்கினால் கன மீட்டர் கிடைக்கும். 1,000ஆல் பெருக்கினால் லிட்டராகும். எடுத்துக்காட்டாக, விட்டம் 3 மீட்டரும் நீராழம் 4 மீட்டரும் உள்ள கிணற்றில் ஏறத்தாழ 28,260 லிட்டர் நீர் இருக்கும். தரமான பிளீச்சிங் பவுடர் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் என்ற பொது அளவின்படி ஏறத்தாழ 70 கிராம் தேவை. நீர் கலங்கலாக இருப்பின் அளவு கூடும். சோதித்து அறிய வேண்டும்.

இத்தூளை வாளியில் சிறிது நீர்விட்டுக் குழைத்து, பின்னர் முக்கால் வாளி வரை நீர் ஊற்றிக் கலக்கி, ஐந்து முதல் பத்து நிமிடம் தெளியவிட வேண்டும். அடியில் தங்கும் சுண்ணாம்பைக் கிணற்றில் கொட்டலாகாது. தெளிந்த கரைசலை வேறொரு வாளிக்கு மாற்றி, கயிற்றால் நீருக்குள் இறக்கி, மேலும் கீழும் அசைத்துக் கலக்க வேண்டும். ஒரு மணி நேரம் கழிந்த பின்னரே நீரை எடுக்கலாம். இரவில் இறைப்பு ஓய்ந்தபின் இதனைச் செய்வது ஏற்றது. ஒரு மணி நேர முடிவில் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் இருந்தால் பணி நிறைவுற்றதெனக் கொள்ளலாம்.

பிளீச்சிங் பவுடரில் புதிதாக இருக்கும்போது ஏறத்தாழ 33 விழுக்காடு குளோரின் உண்டு. ஒளியும் ஈரமும் வெப்பமும் பட்டால் அது விரைவில் வலுவிழக்கும். திறந்த சாக்கில் மாதக்கணக்கில் கிடந்த தூளை அளந்து இடுவது கணக்குக்குப் பொருந்தலாம், கிருமிக்குப் பொருந்தாது.

கழிப்பறையும் நிலத்தடி நீரும்

1981ஆம் ஆண்டளவில் ஊரகக் குடும்பங்களில் நூற்றுக்கு ஒன்று அளவிலேயே கழிப்பறை வசதி இருந்தது. 1986இல் மத்திய ஊரகத் துப்புரவுத் திட்டமும், 1999இல் முழுச் சுகாதார இயக்கமும், 2014இல் தூய்மை இந்தியா இயக்கமும் தொடங்கப்பெற்றன. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 30.7 விழுக்காட்டு ஊரகக் குடும்பங்களுக்கே வீட்டில் கழிப்பறை இருந்தது. அதன்பின் ஏற்பட்ட முன்னேற்றம் பெரிது. தூய்மை இந்தியா இயக்கத்தின்கீழ் ஊரகங்களில் 10 கோடிக்கும் மேற்பட்ட கழிப்பறைகள் கட்டப்பட்டன. 2019 அக்டோபர் 2இல் ஊரக இந்தியா திறந்தவெளி மலங்கழித்தலற்றதாக அறிவிக்கப்பட்டது. ஆனால் 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வு, ஊரகங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு குடும்பம் எவ்விதக் கழிப்பறையையும் பயன்படுத்தவில்லை என்று கண்டது. கட்டுவதற்கும் பயன்படுத்துவதற்கும் இடையே நீரின்மை, பழக்கம், குழி நிரம்பிவிடுமோ என்ற அச்சம், மலக்குழியைத் தொடுவது இழிவென்ற சாதிசார்ந்த எண்ணம் ஆகியவை நிற்கின்றன.

இந்த அச்சத்திற்கு விடையாக அமைவது இரட்டைக் குழிக் கழிப்பறை. ஐவர் கொண்ட குடும்பத்திற்கு ஒரு குழி நிரம்பப் பொதுவாக மூன்றாண்டுகள் ஆகும். அது நிரம்பியதும் கழிவை இரண்டாம் குழிக்குத் திருப்பிவிட்டு, முதற்குழியை ஓராண்டுக்கும் மேலாக மூடி வைத்தால், உள்ளிருப்பது மணமற்ற எருவாகும். அதனை அள்ளுவதில் தீங்கில்லை; மலத்தைக் கையால் அள்ளும் கொடிய தொழிலுக்கும் இடமில்லை. இவ்வுண்மை வீட்டாருக்குத் தெளிவாக விளக்கப்படாத இடங்களில், பெரிய ஒற்றைத் தொட்டியைக் கட்டிக்கொள்கின்றனர். அது நிரம்பும்போது சிக்கல் எழுகிறது.

குழி, குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளியிருத்தல் நன்று. நிலத்தடி நீர் மேலாக உள்ள இடங்களிலும் பாறைப் பிளவுள்ள இடங்களிலும் இதனினும் மிகுந்த எச்சரிக்கை தேவை. கழிப்பறையின் அடித்தளத்தைத் தேர்வோர் கிணற்றையும் பார்த்தே தேர வேண்டும் என்பதால்தான் நீரும் துப்புரவும் ஒரே திட்டத்தின் இரு கைகளாகின்றன.

அடுப்புப் புகை

வீட்டினுள் உள்ள காற்றும் சுற்றுப்புறமே. விறகும் வரட்டியும் எரியும் அடுப்பின் புகை, பெண்களின் நுரையீரலையும் குழந்தைகளின் மூச்சுறுப்புகளையும் தாக்குகிறது. 1983-84இல் புகை குறைந்த அடுப்புகளுக்கான தேசியத் திட்டம் தொடங்கியது; பராமரிப்பின்றிப் பல அடுப்புகள் உடைந்தன. 2016 மே 1இல் தொடங்கிய உஜ்வலா திட்டம் எரிவாயு இணைப்பை ஏழைக் குடும்பங்களுக்குக் கொண்டுசேர்த்தது. ஆயினும் 2019-21 ஆய்வின்படி, சமையலுக்குத் தூய எரிபொருளை முதன்மையாகப் பயன்படுத்திய ஊரகக் குடும்பங்கள் 43 விழுக்காடே. மறு உருளையின் விலை, இணைப்பின் பயனை முடிவு செய்கிறது.

கொள்ளைநோயின் முதல் நாள்

ஓர் ஊரில் ஒரே நாளில் பலருக்கு வயிற்றுப்போக்கு என்ற செய்தி வந்தால் துணைச் சுகாதார நிலையத்தார் செய்ய வேண்டியது என்ன? நோயாளிகளுக்கு உப்பு-சர்க்கரைக் கரைசல் அளித்தலும் கடுமையானோரை மேல்நிலைய மருத்துவமனைக்கு அனுப்புதலும் முதற்கடமை. அதே பொழுதில் ஒரு பட்டியல் எழுத வேண்டும்: பெயர், வயது, தெரு, நோய் தொடங்கிய நாள், குடித்த நீரின் ஊற்று. இப்பட்டியலை ஊரின் வரைபடத்தில் குறித்தால், நோயாளிகள் ஒரே குழாய்த்தடத்தில் திரண்டிருப்பது பெரும்பாலும் புலனாகும். அத்தடத்தை அடைத்து, வேறு நீர் வழங்கி, கசிவைத் தேடி, மாதிரியைக் குளோரின் இடுவதற்குமுன் எடுத்து அனுப்ப வேண்டும். முதலில் குளோரினை இட்டுவிட்டுப் பின்னர் மாதிரி எடுத்தால், காரணம் என்றும் தெரியாது. அடுத்த மழையில் நோய் திரும்பும். 2004இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் இத்தகைய செய்திகளை மாவட்டத்திற்கு விரைவாகக் கொணர்வதற்கே அமைந்தது.

இப்பணிக்குரிய ஆட்கள் உளரா என்பது அடுத்த வினா. சமவெளியில் 5,000 மக்களுக்கும், மலை, பழங்குடிப் பகுதிகளில் 3,000 மக்களுக்கும் ஒரு துணைச் சுகாதார நிலையம் என்பது விதி. அங்கு ஆண் பணியாளர் ஒருவரும் பெண் பணியாளர் ஒருவரும் இருத்தல் வேண்டும். ஆனால் பல மாநிலங்களில் ஆண் பணியாளர் பணியிடங்கள் நெடுங்காலம் நிரப்பப்படாமல் கிடந்தன. நீர், துப்புரவு, கொசுக் கட்டுப்பாடு ஆகியவை பெரிதும் அவருடைய பொறுப்பாகையால், அவரில்லாவிடத்து இப்பணிகள் தாய்சேய்நலச் சுமையை ஏற்கெனவே தாங்கும் பெண் பணியாளர்மீதும், 2005இல் தொடங்கிய தேசிய ஊரக சுகாதார இயக்கத்தின்வழி வந்த ஆஷா பணியாளர்மீதும் விழுந்தன. அல்லது நடைபெறாமலே போயின.

நிதியும் பராமரிப்பும்

கட்டுமானத்திற்கு ஒருமுறை நிதி போதும். பராமரிப்புக்கு ஆண்டுதோறும் வேண்டும். பதினைந்தாம் நிதிக்குழு, 2021-26 காலத்திற்கு ஊரக உள்ளாட்சிகளுக்கான மானியத்தில் 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் எனப் பிணைத்தது நல்ல மரபு. அதிலிருந்து பம்பு இயக்குபவரின் ஊதியம், குளோரின், பழுதுபார்ப்பு, நீர்ச்சோதனை ஆகியவற்றுக்கு ஒதுக்கீடு செய்து, அக்கணக்கைக் கிராமசபையில் படிப்பது ஊராட்சியின் கடமை. சுகாதார, துப்புரவு, ஊட்டச்சத்துக் குழு கூடும் நாளில் அந்த மாதத்து நீர்ச்சோதனை முடிவும் அம்மாதத்து வயிற்றுப்போக்கு எண்ணிக்கையும் அருகருகே வைத்துப் பார்க்கப்பட்டால், துறைகளுக்கிடையே உள்ள சுவர் தானாகவே தாழும்.

முடிவுரை

ஊரகச் சுற்றுப்புறச் சுகாதாரத்தில் நம் நாடு கடந்துள்ள தொலைவு சிறிதன்று. இனி வேண்டுவது, கட்டியவற்றைப் பணியாக மாற்றுதல். ஓர் ஊரைப் பார்வையிடச் செல்லும் அலுவலர் மூன்று வினாக்களைக் கேட்கலாம். கடைசி வீட்டுக் குழாய்நீர் இறுதியாக என்று சோதிக்கப்பட்டது? பழுது ஏற்பட்டால் அதனைச் சீர்செய்பவர் யார், அவருக்கு ஊதியம் எங்கிருந்து வருகிறது? சென்ற ஆண்டைவிட இவ்வாண்டு நீரால் வரும் நோய் குறைந்துள்ளதா? மூன்றுக்கும் ஏட்டைப் புரட்டாமல் விடை சொல்லும் ஊரில் சுற்றுப்புறச் சுகாதாரம் நிலைபெற்றுள்ளது எனலாம். விடை சொல்ல இயலாத ஊரில், எத்தனைக் கோடி செலவிட்டிருப்பினும், பணி இனிமேல்தான் தொடங்க வேண்டும்.